இதயத்துக்குள்ள வச்ச சூடு: அப்லேஷனும் யாரும் எதிர்பார்க்காத பின்விளைவுகளும்

இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு, கோளாறான இடத்தை மட்டும் சுட்டுக் கருக்கிப் படபடப்பை நிறுத்தும் சிகிச்சைக்குப் பெயர் அப்லேஷன். எங்க ஓபிக்கு வர்ற பெரியவங்க "கரண்ட் வச்சு சுட்டுட்டாங்க சார்"னு சொல்வாங்க. இதைவிடச் சுருக்கமா எந்தப் பாடப்புத்தகமும் சொல்லல.

இந்தச் சிகிச்சையின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. இது பிறந்ததே ஒரு பின்விளைவில் இருந்துதான். வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும், செய்த டாக்டர்களே நினைத்துப் பார்க்காத ஏதோ ஒன்று நோயாளியின் உடம்பில் வந்து நின்றிருக்கிறது. வீட்ல யாருக்காவது அப்லேஷன் ஆகியிருந்தா முழுசா படிங்க. கொஞ்சம் நீளமான திரெட்.

"இதுல உனக்கு என்னப்பா அக்கறை, நீ இதய நிபுணரா?"ன்னு கேட்கலாம். இல்ல, எம்பிபிஎஸ் முடிச்ச அரசு மருத்துவர்தான். ஆனா திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் வேலூர், சென்னை, புதுச்சேரின்னு போய் அப்லேஷன் செஞ்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள்ல ஊர் திரும்பிடறாங்க. பெரிய பின்விளைவுன்னு ஒண்ணு வந்தா, அது மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு ஊர் கேஷுவாலிட்டி வாசல்ல வந்து நிக்கும். அங்க டியூட்டியில இருக்கறது என்னை மாதிரி ஒருத்தர்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின் சிக்னல், நடுவில் ஏவி நோடு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் கீழ் அறைகளுக்கு இறங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ராஜகோபுர வாசலுக்குப் பக்கத்தில் ஒரு திட்டிவாசலும் இருக்கும். சிக்னல் இதில் இறங்கி அதில் ஏறிச் சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சா, நிமிடத்துக்கு 180, 200 துடிப்பு. 1968-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து இந்தக் கூடுதல் பாதையை வெட்டி விட்டார். ஆள் பிழைத்தார், படபடப்பும் போனது. ஆனால் தலைமுடி அளவு இழையை அறுக்க நெஞ்சையே பிளக்கணுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது.

பதில் ஒரு விபத்தில் கிடைத்தது. பிரான்ஸில் ஒரு நோயாளியின் இதயத்துக்குள் குழாய் வைத்து மின்பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது துடிப்பு தாறுமாறாகி, வெளியிலிருந்து ஷாக் கொடுக்க வேண்டி வந்தது. ஷாக் மெஷினின் பேடு எதேச்சையாகக் குழாயின் வெளி முனையோடு தொடர்பில் இருந்துவிட்டது. மின்சாரம் குழாய் வழியே நேராக உள்ளே போய் அந்த ஒரே வாசலை நிரந்தரமாக மூடிவிட்டது. வெடெல், ஃபோன்டேன் உள்ளிட்ட குழுவினர் 1979-ல் இதை மறைக்காமல், நடந்துவிட்ட ஒரு சிக்கல் என்றே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மை இல்லையென்றால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் அதையே வேண்டுமென்று செய்து பார்க்கத் துணிந்தார். 1981 ஏப்ரலில், மருந்துக்கு அடங்காத படபடப்பு இருந்த ஒருவருக்கு, நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே ஷாக் கொடுத்து ஏவி நோடை அழித்தார். படபடப்பு நின்றது. பதிலுக்கு ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர். ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நோயை வாங்கிய கணக்குதான், ஆனால் நெஞ்சைப் பிளக்கவில்லை.

ஷாக் முறை முரட்டுத்தனமானது. முழு மயக்கம் வேண்டும், குழாய் முனையில் சின்ன வெடிப்பு மாதிரி ஒரு அழுத்த அலை கிளம்பும், சில நேரம் இதயச் சுவரே கிழியும். 1980களின் நடுவில் ஸ்டீஃபன் ஹுவாங் நாய்களில் வேறு வழியைச் சோதித்தார்: ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக் குழாயைப் பொசுக்கி அடைக்கும் காட்டரி மெஷினில் ஓடும் அதே ரேடியோ அலை மின்சாரம். முனைக்குக் கீழே திசு 50 டிகிரியைத் தாண்டினால் போதும், அந்த இடம் இறந்துவிடும். வெடிப்பு இல்லை, நோயாளி விழித்திருக்கலாம். 1991-ல் ஓக்லஹோமாவில் ஜாக்மன் குழு வெளியிட்ட கணக்கு: 166 பேரில் 164 பேருக்கு வெற்றி. இளம் வயசுல திடீர்னு படபடப்பு வர்ற எஸ்விடி நோயாளிகளுக்கு இன்னிக்கும் இதுதான். பெரும்பாலானவங்களுக்கு ஒரே தடவைல தீர்ந்துடுது, கீழே நான் எழுதப் போற பயங்கரங்கள் அவங்களுக்குப் பொதுவா பொருந்தாது. அவங்க இப்பவே நிம்மதியா இருக்கலாம்.

சிக்கல் ஆரம்பித்தது 1998-க்குப் பிறகு. மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும் நோய் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பிரான்ஸின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேர் 45 நோயாளிகளைப் பரிசோதித்து, அந்தத் தவறான பொறிகளில் 94 சதவீதம் நுரையீரலில் இருந்து இடது மேல் அறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்து கிளம்புவதைக் காட்டினார். உடனே உலகமெங்கும் அந்தச் சிரைகளுக்குள் சூடு வைக்க ஆரம்பித்தார்கள்.

(நடுவுல ஒரு விஷயம். நம்ம பக்கம் இந்த நோய் வர்றவங்கள்ல பலருக்கு, சின்ன வயசு ருமாட்டிக் காய்ச்சல்ல சுருங்கிப்போன மைட்ரல் வால்வுதான் காரணம். அவங்களுக்கு முதல்ல பார்க்க வேண்டியது வால்வு. வீடியோ பார்த்துட்டு அப்லேஷன் கேட்டு அலையாதீங்க.)

முதல் அதிர்ச்சி: சூடு பட்ட சிரை தழும்பாகிச் சுருங்கியது. சில மாதம் கழித்து இருமல், மூச்சு வாங்குதல், சளியில் ரத்தம். நம்ம ஊர்ல இருமி ரத்தம் துப்பினா எல்லாருக்கும் முதல்ல தோணுறது டிபி. ஆறு மாசத்துக்கு முன்னாடி இதயத்துல சூடு வச்சதை நோயாளி சொல்ல மாட்டார், ஏன்னா அவரைப் பொறுத்தவரை அது இதயம், இது நுரையீரல். சிரைக்குள்ளே சுடாமல் வாசலுக்கு வெளியே வளையமாகச் சுடும் வழக்கம் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது.

அந்த வளையம் போனது இடது மேல் அறையின் பின்சுவர் வழியாக. அந்தச் சுவருக்கு சில மில்லிமீட்டர் பின்னால் இருப்பது உணவுக்குழாய். 2004-ல் இத்தாலியில் பப்போனே, பிரேசிலில் ஸ்கனவாக்கா என இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தை எழுதின. நன்றாக வீட்டுக்குப் போன நோயாளிகளுக்கு, சில வாரம் கழித்து உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவில் ஓட்டை. சாப்பாட்டோடு போகும் காற்றும் கிருமியும் நேராக ரத்தத்தில். காய்ச்சல், அப்புறம் பக்கவாதம், பெரும்பாலும் மரணம்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, கணக்கைப் பாருங்க. 2023-ல் வெளிவந்த பாட்டர் ஏஎஃப் ஆய்வு, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட அப்லேஷன்களை அலசியது. ஓட்டை விழுந்தவர்கள் 138 பேர், சுமாராக 4000-ல் ஒருவர். அபூர்வம்தான். ஆனால் அந்த 138 பேரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள். அறிகுறி தொடங்கியது சராசரியாக 18-வது நாள், சிலருக்கு இரண்டு மாதம் வரை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் அறிகுறி வெறும் காய்ச்சல். அறுவை சிகிச்சை கிடைத்தவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். ஓட்டையை அடைக்கும் எந்த முயற்சியும் இல்லாமல் வெறும் மருந்தோடு விடப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கவில்லை.

இப்ப நான் சொன்ன அந்த ராத்திரி ரெண்டு மணியை யோசிங்க. காய்ச்சல், முழுங்கினா நெஞ்சு வலி. டெங்கு சீசன்ல காய்ச்சல்னா டெங்கு. முழுங்க வலின்னா மறுநாள் எண்டோஸ்கோப்பி எழுதுவாங்க. இங்கதான் ஆபத்து. எண்டோஸ்கோப்பி செய்யறப்ப குழாய்க்குள்ள காற்றை ஊதுவாங்க. ஓட்டை இருந்தா அந்தக் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போகும். எடுக்க வேண்டியது நெஞ்சு சிடி ஸ்கேன். சிடி மாவட்டத் தலைமையிடத்துலயே இருக்கு, பிரச்னை மெஷின் இல்ல. "இவருக்கு மூணு வாரம் முன்னாடி அப்லேஷன் ஆச்சு" என்ற ஒரு வரியை யாராவது சொல்லணும்.

மற்ற பின்விளைவுகள் இவ்வளவு கொடூரம் இல்லை. இதயத்தின் சுவரையொட்டி ஓடும் நரம்புகளுக்கும் சூடு படும். துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் இழைகள் பாதிக்கப்பட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு முன்பைவிடப் பத்து கூடுதலாக ஓடும். முன்னாடி 65, இப்ப 78-ன்னு ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்துட்டு பதறி வர்றவங்க உண்டு. மாசக்கணக்குல நீடிக்கலாம், ஆபத்தில்ல. வயிற்றுக்குப் போகும் கிளை பாதித்தால் ரெண்டு இட்லிக்கே வயிறு உப்பிக்கும். உறைய வைக்கும் பலூன் முறை வந்தபோது உதரவிதான நரம்பு அடிபட்டுச் சிலருக்கு மூச்சு வாங்கியது, பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாரும் கேட்கறது, "சார், சிகிச்சைக்கு அப்புறமும் படபடப்பு வருதே, தோத்துப் போச்சா?" சுட்ட புண் ஆறும்போது இதயமும் எரிச்சலாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் முதல் மூன்று மாதத்தில் வரும் படபடப்பைத் தோல்விக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 2024-ல் சர்வதேச இதயத்துடிப்பு அமைப்புகள் சேர்ந்து அதை இரண்டு மாதமாகச் சுருக்கின. வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆனா உடைஞ்சு போயிடாதீங்க. படபடப்பு நின்னுடுச்சேன்னு ரத்தக்கட்டு தடுப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. புதுப் புண் மேல ரத்தக்கட்டி உருவாக வாய்ப்பு அதிகம் இருக்கறதே இந்த ரெண்டு மூணு மாசம்தான்.

வரலாறு இப்போது ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த பல்ஸ்டு ஃபீல்டு முறையில் சூடு கிடையாது, மிகக் குறுகிய மின் துடிப்புகள் இதயச் செல்களின் சுவரைத் துளைக்கின்றன. 1981-ன் முரட்டு ஷாக்கின் சீர்திருத்தப்பட்ட பேரன் என்று சொல்லலாம். 17,000-க்கும் அதிகமானவர்களின் பதிவில் ஒருவருக்கும் உணவுக்குழாய் ஓட்டை இல்லை. சந்தோஷப்படறதுக்குள்ள புதுசா ஒண்ணு: ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, அதே பதிவில் ஐந்து பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படும் அளவுக்குச் சிறுநீரகம் பழுதானது. சிகிச்சைக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்துல போனா உடனே சொல்லிடுங்க.

கடைசியா, டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவுல பூட்டி வைக்காதீங்க. போன்ல போட்டோ எடுத்து நோயாளி, மனைவி, பிள்ளைங்க எல்லார்கிட்டயும் வச்சுக்கோங்க. ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல், முழுங்க வலி, கை கால் இழுப்பு, ரத்த வாந்தி எது வந்தாலும் டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த போட்டோவைக் காட்டுங்க.

அப்புறம் எங்க ஊர்க் கேள்வி: "கிரிவலம் எப்ப சார் போலாம்?" தொடையில் சிரையைத் துளைச்ச இடம் ஆற ஒரு வாரம் கொடுங்க, வீட்டுப் பக்கத்துல நடங்க. 14 கிலோமீட்டருக்கு முதல் ரிவ்யூல உங்க இதய டாக்டர் சரின்னு சொல்லட்டும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடறப்ப வெறுங்கால்ல கண்ணாடி குத்தினா லேசுல நிக்காது, செருப்பு போடுங்க, சாமி கோச்சுக்காது. பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம். ஒரு சாதாரண நாள் விடிகாலையில அக்னி லிங்கம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க, மூச்சு எப்படி இருக்குன்னு பார்ப்போம்.