பாட்டு இருக்கு, அம்மானைக் காய் எங்கே?

1/ பழவேற்காடு ஏரிக்கரை மக்களே, சர்க்கஸ்ல பந்துகளை மாத்தி மாத்தி வீசிப் பிடிப்பாங்களே, அதை நம்ம பெண்கள் பாடிக்கிட்டே ஆடினாங்க. பேரு அம்மானை.

2/ திருவாசகத்தில் திருவம்மானை மட்டும் 20 பாட்டு. பெண்பால் பிள்ளைத்தமிழில் அதுக்குன்னே ஒரு பருவம். கலம்பக அம்மானையில் மூணு பேர்: ஒருத்தி சொல்வா, அடுத்தவ மடக்குவா, மூணாமவ சிலேடையில் பதில் கொடுப்பா. செம வாய்!

3/ 2004-ல் நேச்சர் இதழில் ஒரு ஜெர்மன் ஆய்வு. புதுசா 3 பந்து வீசப் பழகினவங்களுக்கு 3 மாசத்தில், அசைவை உணரும் மூளைப் பகுதி கொஞ்சம் பெருத்திருந்தது. பழக்கத்தை விட்டதும் குறைஞ்சது.

4/ பாட்டு ஏட்டுல தங்கிடுச்சு. காயை எவ்வளவு உயரம் வீசணும்ங்கறதை ஆடுறவங்க கையைப் பார்த்துதான் கத்துக்கணும். உங்க குப்பத்து ஆயா யாருக்காவது ஆடத் தெரியுமா? பேத்தியைப் பக்கத்துல உட்கார வைங்க.