‘பாகான் சரொய்’ ஆன கதை



பள்ளி விடுமுறையில் மாணவர் பெயரட்டைகளை அச்சிடச் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். என்னிடமிருப்பது பழைய 32-பிட் லினக்ஸ் கணினி. ஆகவே ‘பில்லோ’ என்னும் பட நூலகத்தை மூலநிரலிலிருந்தே தொகுக்க வேண்டியதாயிற்று. ஜேபெக் கோப்புகளைக் காணவில்லை என்று கூறித் தொகுப்பு பாதியில் நின்றது.

இப்பிழைக்கு நெடிய வரலாறு உண்டு. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ கருவியை உருவாக்கினார். அவருடைய நண்பர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, அக்கோப்பை மீண்டும் தொகுக்காமல், சரியான நிரலிலேயே ஒரு காலைப்பொழுது முழுதும் பிழை தேடினாராம். (விடையைத் திருத்திய பின் பழைய தாளையே நீட்டும் மாணவர் நமக்குப் புதியவரா என்ன!) எக்கோப்பு எதனைச் சார்ந்தது என எழுதிவைத்தால், மாற்றம் கண்டவற்றை மேக் மீண்டும் தொகுக்கும். ஆனால், வேண்டிய நூலகம் கணினியிலேயே இல்லையென்றால்? 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ தொகுப்பதற்கு முன்பே சோதித்து, இல்லாததைச் சொல்ல வழிசெய்தது. சொல்லுமேயன்றிக் கொண்டுவந்து தராது. ஒன்றை நிறுவினால் அது வேறொன்றைக் கேட்கும். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1இல் இடம்பெற்ற ‘ஏப்ட்’ கருவி, சார்பு நூலகங்களையும் தானே தேடிக் கொணர்ந்தது.

என் கணினியில் ஜேபெக் நூலகம் இருக்கத்தான் செய்தது. இல்லாதது அதன் ‘டெவ்’ பொதி. நிரல் ஓடுவதற்கு நூலகம் போதும். தொகுப்பதற்கோ அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். பலர் இங்கேதான் இடறுகின்றனர். பொதியை நிறுவினேன், தொகுப்பு முடிந்தது.

அச்சிட்ட அட்டையில் நம் ஊர்ப்பெயர் ‘பாகான் சரொய்’ என்றிருந்தது!

‘செ’ என்பதைக் கணினி சேமிக்கையில் சகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அடுத்தும் வரும். காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்த வேண்டும். அப்பணியைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ நூலகம். அதனைப் பில்லோ 2017 முதல் ‘ராக்கம்’ வழியாகப் பயன்படுத்துகிறது. அது இல்லாததால் கொம்பு சகரத்தின் பின்னே நின்று, அடுத்திருந்த ‘ரா’வைப் பற்றி ‘ரொ’ ஆக்கிவிட்டது.

ஜேபெக் இல்லையென்றால் தொகுப்பு நின்றுவிடுகிறது. தமிழைச் சரியாகக் காட்டும் நூலகம் இல்லையென்றால் நிற்பதில்லை; அது ‘விருப்பத் தேர்வு’ப் பட்டியலில் இருக்கிறது. தொகுப்பின் இறுதியில் வந்த சுருக்கத்தில் ராக்கம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. படிக்காமல் விட்டது என் தவறே.

ராக்கம், ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி ஆகியவற்றின் டெவ் பொதிகளை நிறுவி, பில்லோவை முதலிலிருந்து மீண்டும் தொகுத்தேன். இம்முறை ‘பாகான் செராய்’ என்றே வந்தது. வீணான அட்டைகளின் பின்புறம் இப்போது வாய்பாடு எழுதப் பயன்படுகிறது.