இறங்கித் தள்ளுதல்: புளியறை ஏற்றமும் சைக்கிளின் சரித்திரமும்

1

சைக்கிளுக்குத் தமிழில் மூன்று வினைகள் இருக்கின்றன. ஓட்டுவது, மிதிப்பது, தள்ளுவது. தெற்கே இந்த மூன்றாவதை 'உருட்டிக்கிட்டுப் போறது' என்றும் சொல்வார்கள். உலகெங்கும் சைக்கிளின் சரித்திரம் என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் முதல் வினையைப் பற்றியவை. உழைப்பைப் பற்றி எழுதியவர்கள் இரண்டாவதையும் கொஞ்சம் தொட்டிருக்கிறார்கள். மூன்றாவதை யாரும் சரித்திரமாக நினைக்கவில்லை. தள்ளுவதில் என்ன சரித்திரம் இருக்கு என்று கேட்கலாம். யார், எங்கே, யாருக்காக இறங்கினார்கள் என்று கேட்டால் இருக்கிறது. அதைப் புளியறையிலிருந்து கேட்டுப் பார்க்கலாம்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் மேற்கே போனால் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் புளியறை. ஊரைத் தாண்டியதும் வயல்கள் பின்தங்கி, சாலை வளையத் தொடங்குகிறது. எஸ் வளைவு என்றே ஓர் இடத்துக்குப் பெயர். மேலே கோட்டைவாசல், கருப்பசாமி கோயில், கேரள எல்லை, அப்புறம் ஆரியங்காவு. 1904இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் வந்தபோது அது மலையைக் குடைந்து போனது. சாலைக்கு அந்த வசதி இல்லை. அது மலைமேல் ஏறித்தான் இறங்க வேண்டும். கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில் கேரியர் நிறையச் சுமையோடு வருகிறவன் இங்கே இறங்கித்தான் ஆகணும்.

2

இதே காட்சி வேறொரு இடத்தில் காவியமாகியிருக்கிறது. வட இத்தாலியில் ஆல்ப்ஸுக்கு முன்னால் ஏரிகளும் குன்றுகளுமாகக் கிடக்கும் லொம்பார்தி வட்டாரத்தில் 1905 முதல் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 1909இல் இத்தாலி முழுவதையும் சுற்றிவரும் ஜிரோ தொடங்கியது. முதல் ஜிரோவில் புறப்பட்டவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 49 பேர். நடத்தியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. பத்திரிகை விற்க வேண்டும், அதற்குக் கதை வேண்டும், கதைக்கு மலை வேண்டும். கோமோ ஏரிக்கு மேலே 754 மீட்டர் உயரத்தில் இருக்கிற கிஸல்லோ மாதா கோயில் அந்தப் பந்தயப் பாதையில் வரும் ஏற்றத்தின் உச்சி. 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் மாதாவாக அறிவித்தார். பார்த்தாலி, கோப்பி என்ற இரு பெரும் வீரர்களின் சைக்கிள்கள் அந்தச் சின்னக் கோயிலுக்குள் தொங்குகின்றன.

பிரெஞ்சுப் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்துக் காட்டியவர் ரொலான் பார்த். 1957இல் வந்த நூலில், மலைகள் அங்கே குணமும் கோபமும் உள்ள பாத்திரங்களாகின்றன என்று காட்டினார். நமக்கு வேண்டியது இன்னொரு விஷயம். அந்தக் காவியத்தில் இறங்கித் தள்ளியதும் பதிவாகியிருக்கிறது. 1910இல் முதன்முறையாகப் பந்தயத்தைப் பிரனீஸ் மலைகளுக்குள் கொண்டுபோனபோது, அந்த ஆண்டு வென்ற லாபீஸ் என்பவரே சில ஏற்றங்களில் இறங்கித் தள்ளித்தான் போனார்; அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒருவன் ஒரு நாள் தள்ளியது நூறு ஆண்டுக் கதை. இங்கே வாழ்நாளெல்லாம் தள்ளியவனுக்கு ஒரு வரி கிடையாது.

ஏன் இல்லை? பத்திரிகைக்காரன் ஏற்றத்தில் நின்று எழுதினான் என்பது பாதி பதில். நம் ஏற்றத்தில் எழுதுகிறவன் செக்போஸ்ட்டில் உட்கார்ந்திருந்தான் என்பது மீதி.

3

யந்திரத்தையும் பார்க்க வேண்டும். பந்தய மேட்டில் ஓடிய சைக்கிள் ஏற்றத்துக்காக மாறிக்கொண்டே வந்தது. இரும்பு எடை குறைந்தது, கியர் வந்தது. நம் ஊருக்கு வந்தது இங்கிலாந்தின் சமதளச் சாலைக்குச் செய்த மாதிரி. முதலில் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்தது. 1949இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாகச் சென்னை அம்பத்தூரிலிருந்து வந்தது. வடிவம் பல பத்தாண்டுகள் மாறவில்லை. இருபது கிலோவை ஒட்டிய எடை, 28 அங்குலச் சக்கரம், ஒரே பல்சக்கரக் கணக்கு. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்தில் இது சுகம். ஏற்றத்தில், கேரியரில் ஒரு மூட்டையோடு, அந்த ஐந்து மீட்டரை ஒரு காலால் அழுத்தி வாங்க முடியாது.

இறக்கத்திலும் இதே கதைதான். கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை இரும்பு ரிம்மைப் பிடிக்கணும். குற்றாலத்தில் சாரல் என்று கொண்டாடப்படுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தக் கணவாய் வழியாகத்தான் ஈரக்காற்று வருகிறது. நனைந்த ரிம்மில் கட்டை வழுக்கும். சுமையோடு வருகிறவன் அப்போது இறக்கத்திலும் இறங்கித்தான் வர வேண்டும். ஆக, இந்தச் சாலையில் சைக்கிள் ஒரு வாகனமாக இருந்ததைவிட, இரண்டு சக்கரம் உள்ள சுமைதாங்கியாக இருந்த நேரம் அதிகம். தலைச்சுமையின் தொடர்ச்சி அது.

4

1956 நவம்பர் 1க்கு முன்னால் இந்த மலை எல்லை இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூர். தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. எல்லை இரண்டுக்கும் நடுவே சமதளத்தில், வயல்களுக்கிடையே இருந்தது. மாநிலச் சீரமைப்பில் செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது எல்லை மலையேறிக் கோட்டைவாசலில் போய் உட்கார்ந்தது. தள்ள வேண்டிய இடமும் சோதிக்கிற இடமும் ஒன்றாகிவிட்டன.

இந்த இடமாற்றத்தின் விலை அரிசியில் தெரிந்தது. மேற்கே நெல் பற்றாக்குறை, கிழக்கே தாமிரபரணி, சிற்றாற்றுப் பாசனம். நெல் மேற்கே போவதும் மிளகும் மரமும் கிழக்கே வருவதும் பழைய வழக்கம். 1960களின் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, பழைய வியாபாரத்துக்குப் புதுப் பெயர் வந்தது: கடத்தல். லாரியில் போனது பெரிய கடத்தல், தலையிலும் சைக்கிளிலும் போனது சில்லறைக் கடத்தல். மாட்டிக்கொள்வதில் சில்லறைக்கே முன்னுரிமை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள்காரன் அரசு ஏடுகளில் எப்படி வருகிறான் என்று பாருங்கள். வருஷா வருஷம் வரி கட்டி, தகர வில்லை வாங்குகிறவனாக. விளக்கில்லாமலோ டபுள்ஸ் ஏற்றியோ போய் அபராதம் கட்டுகிறவனாக. மூட்டையோடு பிடிபட்டவனாக. நம்முடைய சைக்கிள் ஆவணக் காப்பகம் முழுக்கக் குற்றப் பதிவேடு.

5

இறங்குதலுக்கு இன்னொரு இடமும் உண்டு. அங்கே மேடே கிடையாது.

தென்மாவட்டக் கிராமங்களில் ஆதிக்க சாதித் தெருவழியே போகிற தலித், சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது நெடுநாள் கட்டளை. சாலை சமமாக இருக்கும், பிரேக் பிடிக்கும், சுமை இருக்காது, ஆனாலும் இறங்கணும். வண்டிமேல் இருக்கிறவனின் தலை, திண்ணையில் இருக்கிறவனின் தலையைவிட உயர்ந்துவிடக் கூடாது என்பதே அதன் தர்க்கம். செங்கோட்டை அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 1893இல் அய்யன்காளி வில்வண்டி வாங்கித் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூர்ப் பொதுச்சாலையில் ஏறிப் போனார். போராட்டம் போய்ச்சேரும் இடத்துக்காக நடக்கவில்லை, வண்டியில் உட்கார்ந்து போகும் உரிமைக்காக நடந்தது. சைக்கிள் அந்த வில்வண்டியின் மலிவான வாரிசு. தவணையிலோ, பழையதாகவோ, மணிக்கணக்கு வாடகையிலோ யாரும் ஏறிவிடலாம். அதனாலேயே தெருவுக்கு அது அதிக எரிச்சலைத் தந்தது.

இது போன நூற்றாண்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பாராளுமன்றம் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. செருப்பு, புதுத்துணி, கல்யாண ஊர்வலம் எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. இந்தியச் சட்டத்தில் சைக்கிள் ஓட்டுவது ஓர் உரிமையாகப் பேசப்படும் இடம் இது. இத்தாலியில் சைக்கிளுக்கு மாதா கிடைத்தாள். இங்கே சட்டப்பிரிவு கிடைத்திருக்கிறது.

'ஏற்றம்' என்றால் மேடு. மதிப்பு, உயர்வு என்றும் பொருள். ஏற்றத்தாழ்வு என்ற சொல்லில் நிலத்தின் உருவமும் சமூகத்தின் உருவமும் சேர்ந்தே கிடக்கின்றன. புளியறை மேடு நிலத்தின் ஏற்றம், யாரென்று கேட்காமல் எல்லோரையும் இறக்கும். தெரு கேட்டுவிட்டு இறக்கும். அதற்காக மலையைச் சமத்துவப் பூமியாக்கி உருகிவிடவும் கூடாது. நிலம் உள்ளவனின் மூட்டை லாரியில் போனது. காசு உள்ளவன் பஸ்ஸில் போனான். மேட்டில் தள்ளியவனும் தெருவில் தள்ளியவனும் பல நேரம் ஒரே ஆள்.

பெண்களின் கணக்கு தனி. ஓட்டுவதும் தள்ளுவதும் ஆணின் பிரச்சினையாக இருந்த காலத்தில் அவர்கள் தலைச்சுமையோடு நடந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களைப் பெருங்கூட்டமாகச் சைக்கிளில் ஏற்றியபோதும், பின்னர் 2000களில் அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்தபோதும்தான் முதல் வினை அவர்களுக்கும் பரவலாக வந்தது.

6

இன்று தலைக்கவசமும் கியர் வண்டியுமாகப் பொழுதுபோக்குக்காக மலைச்சாலை ஏறுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். யார் எத்தனை நிமிஷத்தில் ஏறினார் என்று கைப்பேசி குறித்துக்கொள்கிறது. நல்ல விஷயம்தான், மேட்டை மிதித்தே ஏறும் சந்தோஷத்தை யாரும் குறைசொல்ல வேண்டாம். ஆனால் அந்தக் கைப்பேசிக் கணக்குக்கும் பழைய பத்திரிகைக் கணக்குக்கும் ஒரே இலக்கணம். ஏறியவன்தான் எழுவாய்.

இந்தச் சாலையின் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் ரயில்வே ஆவணத்தையும் எல்லைக் கமிஷன் அறிக்கையையும் படிக்கட்டும். கூடவே பஞ்சாயத்து வில்லைக் கணக்கையும் செக்போஸ்ட் வழக்குகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மேட்டில் எங்கே இறங்கினாய்? தெருவில் எங்கே இறக்கப்பட்டாய்? அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் அவன் மிதித்துப் போனானோ, அவ்வளவுதான் அவனுடைய சைக்கிள்.