வெள்ளாவியின் நெருப்பு

1613-இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டையின் நிழலில், ஒல்லாந்தர் பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றிய சோழமண்டலத் துணிகளின் கீர்த்திக்கு, நெய்தவர் கையோடு வெளுத்தவர் கையும் காரணமாகும். உவர்மண் கரைசலில் தோய்த்த துணிகளைக் கொதிநீர்ப் பானையின்மேல் வட்டமாக அடுக்கி, அடியில் விறகெரித்து, ஆவியால் அழுக்கை இளக்கிப் பின் துறைக்குச் சுமந்துசெல்வதே வெள்ளாவி. அத்தீ பெரும்பாலும் வெட்டவெளியில் எரிந்தமையால் புகை காற்றோடு கலைந்தது.

பின்னர் வந்த கரி இஸ்திரிப்பெட்டியோ, அடைத்த அறையில் மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடை நிரப்பி உயிரையே கவரவல்லது. இன்று அப்பெட்டிக்கும் வந்துவிட்ட சமையல் எரிவாயு, காற்றினும் கனமாதலின், கசிந்தால் தரையில் தேங்கும். எச்சரிக்கைக்கென்றே அதில் சேர்த்த துர்நாற்றம் எழுந்தவுடன், நெருப்பையும் மின்பொத்தானையும் தீண்டாது, வால்வை மூடிக் கதவு சன்னல்களைத் திறப்பதே விவேகம். ஊரார் உடையை வெளுக்கும் கைகளின் க்ஷேமம் ஊரார் அனைவரின் தர்மமன்றோ!