இந்தியாவின் முதல் இருப்புப்பாதை எது?

இந்தியாவில் முதல் ரயில் எப்போது ஓடியது என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடநூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் தரும் விடை ஒன்றே: 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தானே வரை. இந்திய ரயில்வே தன் நூற்றாண்டை 1953-இல் கொண்டாடியதும் இந்த நாளைக் கணக்கில் கொண்டுதான். ஆனால் அந்த நாளுக்கு முன்பே இந்திய மண்ணில் தண்டவாளங்கள் இருந்தன. அவற்றின் மேல் கல்லும் மண்ணும் ஏற்றிய வண்டிகள் ஓடின. நீராவி எஞ்சினும் இயங்கியது. சென்னையை அடுத்த செங்குன்றம், கோதாவரிக் கரையிலுள்ள தவளேசுவரம், இமயமலை அடிவாரத்தை ஒட்டிய ரூர்க்கி ஆகிய மூன்று இடங்களும் பம்பாய்க்கு முன்பே இந்த வரலாற்றில் இடம் பெற்றவை. கல்கத்தாவுக்கும் இராயபுரத்துக்கும் வேறு வகையான உரிமைகள் உண்டு. இவற்றுள் எது முதல் என்பதற்கு விடை காண, ‘முதல்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் எழுந்த அதே கேள்வி

இந்தக் குழப்பம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ரயில்வேயின் தாயகமான பிரிட்டனிலும் இதே நிலைதான். லீட்ஸ் நகரின் மிடில்டன் நிலக்கரிப் பாதை 1758-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அனுமதி பெற்றது. 1804-இல் வேல்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சுமையை இழுத்தது. 1807-இல் சுவான்சி அருகே குதிரை இழுத்த வண்டியில் கட்டணம் செலுத்திய பயணிகள் சென்றனர். 1825-இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை நீராவி எஞ்சினைப் பயன்படுத்திய முதல் பொதுப் பாதை. ஆயினும் அதில் பயணிகள் வண்டிகளைத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் குதிரைகளே இழுத்தன. இரு பெருநகரங்களுக்கிடையே கால அட்டவணைப்படி முழுவதும் எஞ்சின் வலுவால் இயங்கிய பாதை 1830-இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை. இவை ஐந்துமே ஏதோ ஒரு வகையில் ‘முதல்’ என்று உரிமை கோருகின்றன. அவற்றுள் எதுவும் பொய்யன்று. தண்டவாளம், நீராவி, பயணி, பொதுச் சேவை, கால அட்டவணை ஆகிய கூறுகள் ஒரே நாளில் ஒன்றுசேரவில்லை என்பதே காரணம். இந்தியாவிலும் அவை ஒவ்வொன்றாகவே வந்து சேர்ந்தன.

செங்குன்றம்: சாலைக்குக் கல் சுமந்த பாதை

1830-களில் சென்னை நகரின் சாலைப் பணிகளுக்குக் கல் பெருமளவில் தேவைப்பட்டது. மாட்டு வண்டிகளில் கல்லைக் கொண்டுவருவதற்குச் செலவும் காலமும் மிகுந்தன. இதற்குத் தீர்வாகவே செங்குன்றம் இருப்புப்பாதை அமைந்தது. 1836-இல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே சிறிய மாதிரிப் பாதை ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1837-இல் செங்குன்றம் பாதை பயன்பாட்டுக்கு வந்தது. இதை அமைத்த பெருமை, பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்ற பொறியாளர் ஆர்தர் காட்டனுக்குத் தரப்படுகிறது. வில்லியம் ஏவரி வடிவமைத்த சுழல்வகை நீராவி எஞ்சின் இதில் பயன்படுத்தப்பட்டதாகவும் ரயில் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

பாதையின் வழித்தடம் குறித்து நூல்களுக்கிடையே ஒற்றுமை இல்லை. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை என்று சில கூறுகின்றன. செங்குன்றத்துக்கும் பரங்கிமலைக் கல் குவாரிகளுக்கும் இடையே மூன்றரை மைல் என்று வேறு சில கூறுகின்றன. இரண்டாவது கூற்று நிலவியலோடு பொருந்தவில்லை. செங்குன்றம் சென்னைக்கு வடமேற்கிலும் பரங்கிமலை தென்மேற்கிலும் உள்ளன. இவற்றுக்கிடையே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு உண்டு. மூன்றரை மைல் என்பது ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு நூலில் புகுந்த குறிப்பு சரிபார்க்கப்படாமல் அடுத்தடுத்த நூல்களுக்குச் சென்றிருப்பதை இது காட்டுகிறது. ‘முதல்’ என்ற பட்டத்தைக் கோருவோர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இது.

எனினும் 1830-களில் சென்னையில் சுமை ஏற்றும் இருப்புப்பாதை ஒன்று இருந்தது என்பதில் இந்த நூல்கள் வேறுபடவில்லை. தண்டவாளத்தின் மேல் சுமை ஓடியதே அளவுகோல் என்றால், இந்தியாவில் முதல் இடம் செங்குன்றத்துக்கே.

தவளேசுவரமும் ரூர்க்கியும்

கோதாவரி ஆற்றின் குறுக்கே தவளேசுவரத்தில் ஆர்தர் காட்டன் எழுப்பிய அணைக்கட்டு 1852-இல் நிறைவுற்றது. அதற்கான கற்களைக் குவாரியிலிருந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவர 1840-களில் தண்டவாளம் போடப்பட்டது. இது அணைப் பணிக்கான கருவியாக மட்டுமே இருந்தது. பணி முடிந்ததும் அதன் தேவையும் முடிந்தது.

வட இந்தியாவில் புரோபி காட்லி கங்கைக் கால்வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றைக் கால்வாய் கடக்க ஒரு பெரும் நீர்ப்பாலம் தேவைப்பட்டது. அதன் கரைகளுக்கான மண்ணைச் சுமக்கத் தண்டவாளம் அமைக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த நீராவி எஞ்சின் ஒன்று 1851 டிசம்பர் 22 அன்று அந்தப் பாதையில் இயங்கியது. அது பம்பாய் ஓட்டத்துக்கு ஏறத்தாழ பதினாறு மாதம் முந்தியது. அந்த எஞ்சினுக்கு வடமேற்கு மாகாணத் துணை ஆளுநர் ஜேம்ஸ் தாம்சனின் பெயர் இடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நீராவி எஞ்சின் இழுத்த சரக்கு ரயிலே அளவுகோல் என்றால் ரூர்க்கியின் உரிமை வலுவானது. கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. இந்தப் பாதை அதற்குப் பின் எந்த ரயில் வலையமைப்போடும் இணையவில்லை.

பம்பாய்–தானே: பொதுமக்களுக்கான ரயில்

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே நிறுவனமும் கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே நிறுவனமும் 1849 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலீட்டாளர்களுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி செய்யப்பட்டது. இலாபம் குறைந்தால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு இந்திய வருவாயின் மேல் விழுந்தது. பம்பாயில் 1850 அக்டோபர் 31 அன்று பணி தொடங்கியது. 1852-லேயே கட்டுமானப் பணிக்கான எஞ்சின் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் வெள்ளோட்டமும் நடந்தது. ஆகவே பம்பாயிலேயேகூட 1853 ஏப்ரல் 16 முதல் ஓட்ட நாளன்று. அது திறப்பு விழா நாள்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி அளவில் போரி பந்தரிலிருந்து 14 பெட்டிகளுடன், ஏறத்தாழ 400 விருந்தினரைச் சுமந்துகொண்டு ரயில் புறப்பட்டது. சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் அதை இழுத்தன. 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. தானே 21 மைல் தொலைவில் இருந்தது. விழா முடிந்தபின் பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஏறக்கூடிய சேவையாக அது தொடர்ந்தது. பின்னர் மலைத்தொடரைக் கடந்து தக்காணத்துக்குள் நீண்டது. செங்குன்றத்திலிருந்தும் ரூர்க்கியிலிருந்தும் பம்பாய் வேறுபடுவது இங்கேதான். முன்னவை ஒரு பணிக்காக வந்து, பணியோடு மறைந்தன. பம்பாய்ப் பாதை இன்றுவரை இயங்குகிறது.

கல்கத்தாவின் ஆதங்கம்

ஒரே நாளில் ஒப்பந்தம் செய்த கல்கத்தா ஏன் பின்தங்கியது? ஹவுரா–ஹூக்ளி பாதையில் ஓடவேண்டிய பயணிகள் பெட்டிகளை ஏற்றிவந்த ‘குட்வின்’ என்ற கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்துக்கு அருகே மூழ்கியது. எஞ்சின்கள் தவறுதலாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, சுற்றி வந்து சேர்ந்தன. பெட்டிகளை உள்ளூரிலேயே செய்ய வேண்டியதாயிற்று. முடிவில் 1854 ஆகஸ்ட் 15 அன்று 24 மைல் பாதையில் ரயில் ஓடியது. இந்த விபத்துகள் நேராதிருந்தால் கல்கத்தாவே முந்தியிருக்கும் என்ற வாதம் வங்கத்தில் நெடுங்காலமாக உண்டு. அது ஓர் ஊகம் மட்டுமே. நடக்காத ஓட்டத்துக்கு முதலிடம் தர இயலாது.

இராயபுரம்: நிலைத்து நிற்பதன் பெருமை

தென்னிந்தியாவில் பொதுமக்களுக்கான முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இராயபுரம் நிலையத்தை அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 28 அன்று, ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். பம்பாயின் போரி பந்தர் நிலையம் இடிக்கப்பட்டு, அதன் இடத்தில் விக்டோரியா முனையம் எழுந்தது. தானேயின் முதல் நிலையக் கட்டடமும் இன்று இல்லை. அதனால் இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற தகுதி இராயபுரத்துக்கு உண்டு. இது ‘முதல் நிலையம்’ என்பதிலிருந்து வேறானது. இவ்விரண்டும் பல கட்டுரைகளில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அளவுகோலுக்குப் பின்னால் இருப்பது

இவ்விவாதத்தை வெறும் ஊர்ப்பெருமைப் போட்டி என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்கிறோமோ, அதற்கேற்ப வரலாற்றின் பொருளும் மாறுகிறது. 1853-ஐத் தொடக்கமாகக் கொண்டால் ரயில்வே என்பது இலண்டன் முதலீடும் ஆளுநர்களின் விழாவும் தந்த கொடையாகத் தோன்றும். அந்த விழாவுக்கு நான்கு நாள் கழித்து, 1853 ஏப்ரல் 20 அன்று தலைமை ஆளுநர் டல்ஹவுசி எழுதிய குறிப்பு, படைகளை விரைந்து நகர்த்துவதற்கும் பிரிட்டன் தொழிற்சாலைகளுக்குப் பருத்தியைக் கொண்டுசெல்வதற்கும் ரயில் பயன்படும் என்று எடுத்துரைத்தது. செங்குன்றத்தையும் தவளேசுவரத்தையும் ரூர்க்கியையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. இந்தியாவில் தண்டவாளம் முதலில் வந்தது சாலைக்கும் அணைக்கும் கால்வாய்க்கும் துணையாகத்தான்.

ஆர்தர் காட்டனின் பிற்கால நிலைப்பாடு இதற்குப் பொருத்தமான சான்று. இந்தியாவின் முதல் தண்டவாளத்தோடு பெயர் இணைக்கப்படும் அவரே, பின்னர் ரயிலுக்குப் பெரும்பணம் செலவிடுவதை எதிர்த்தார். பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒருசேரத் தரும் கால்வாய்களே நாட்டுக்குத் தேவை என்று நாடாளுமன்றக் குழுவின் முன்னும் வாதிட்டார். பஞ்சங்கள் தொடர்ந்த காலத்தில் அந்த வாதம் உயிர்களைப் பற்றியதாக இருந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எல்லா உரிமைக் கோரல்களிலும் பொறியாளர், ஆளுநர், எஞ்சின் ஆகியோரின் பெயர்கள் உண்டு. கல் உடைத்தவர், மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. பம்பாய்ப் பாதையை மலைமேல் ஏற்றிய போர் கணவாய்ப் பணியில் காலரா முதலிய நோய்களால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டனர். ஆனால் எஞ்சின்களின் பெயர்கள் மட்டும் தவறாமல் பதிவாகியுள்ளன.

தொகுப்பு

ஒவ்வொரு உரிமையையும் அதற்குரிய அடைமொழியோடு சொன்னால் முரண்பாடு நீங்கிவிடும்.

- சுமை ஏற்றிய முதல் இருப்புப்பாதை: செங்குன்றம், 1837
- நீராவி எஞ்சின் இழுத்த சரக்கு ரயிலுக்கு வலுவான உரிமை கொண்டது: ரூர்க்கி, 1851
- பொதுமக்களுக்கான முதல் பயணிகள் ரயில்: பம்பாய்–தானே, 1853
- கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்: ஹவுரா–ஹூக்ளி, 1854
- தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இன்றும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம்: இராயபுரம், 1856

தேர்வு எழுதும் மாணவர் ‘முதல் பயணிகள் ரயில்’ என்ற வினாவுக்கு 1853 என்று எழுதுவது சரியே. ‘முதல் ரயில்’ என்று மட்டும் வினா இருந்தால் குறை வினாவில் உள்ளது.