வீராவை ‘ஈவோ’வாக மாற்றுவது: இயந்திரம் முதல் சாலை வரி வரை அறிந்திருக்க வேண்டியவை

மலேசியச் சாலைகளில் இன்றும் கண்ணில் படும் பழைய கார்களில் ஒன்று புரோட்டோன் வீரா. சிறு பட்டண வீட்டு வாசல்களிலும் தோட்டப்புறக் குடியிருப்புகளிலும் அது குடும்பக் காராக நிற்கிறது. அதே வீரா சில இளைஞர்களின் கையில் அகன்ற பம்பர், உயர்ந்த ஸ்பாய்லர், துளையிட்ட போனட், தரையைத் தொடும் ஸ்கர்ட்டிங் என்று வேறு உருவம் எடுக்கிறது. பின்புறத்தில் ‘மிட்சுபிஷி’ என்ற எழுத்தும் ஏறிக்கொள்கிறது.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது, அதில் எது பயன் தரும், எது ஆபத்து, சட்டம் எதை ஏற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், சில வேளைகளில் உயிரும் மிஞ்சும்.

வீராவும் லான்சரும் ஒரே குடும்பம்

புரோட்டோன் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் காரான சாகா 1985இல் வெளிவந்தது. மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில்தான் அது உருவானது. 1993இல் வந்த வீராவும் அப்படியே. ஜப்பானில் 1991இல் அறிமுகமான மிட்சுபிஷி லான்சரே அதன் அடிப்படை. பின்னர் வந்த சத்ரியா, புத்ரா ஆகிய இரண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீரன், சத்திரியன், புத்திரன் என்று இந்தப் பெயர்கள் மூன்றும் தமிழர் காதுக்கும் பழக்கமானவை. சமஸ்கிருதத்திலிருந்து மலாய் மொழிக்குப் போன சொற்கள் அவை.

அந்த லான்சரைக் கொண்டே மிட்சுபிஷி 1992இல் ‘லான்சர் எவலூஷன்’ என்ற காரை உருவாக்கியது. சுருக்கமாக ‘ஈவோ’. உலக ரேலி பந்தயத்தில் ஓடும் காரைப் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்க வேண்டும் என்ற விதிக்காகச் செய்யப்பட்ட கார் அது. 2.0 லிட்டர் 4ஜி63 டர்போ இயந்திரம், நான்கு சக்கர இயக்கம், முதல் ஈவோவிலேயே 250 குதிரைத் திறன். 1995இல் வந்த மூன்றாம் ஈவோவில் அது 270 ஆனது. பின்லாந்து ஓட்டுநர் டோமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ரேலி பட்டம் வென்றது ஈவோவில்தான்.

மலேசியர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் நாட்டின் கரம்ஜிட் சிங் 2002இல் உற்பத்தி கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றார். அவர் ஓட்டிய ‘புரோட்டோன் பெர்ட்’ என்பது லான்சர் ஈவோவுக்குப் புரோட்டோன் பெயர் சூட்டிய கார்.

முதல் மூன்று ஈவோக்களின் உடலும் வீராவின் உடலும் ஒரே அச்சிலிருந்து வந்தவை. அதனால்தான் ஈவோவின் பம்பரும் போனட்டும் வீராவுக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன. வேறு எந்தக் காருக்கும் இல்லாத மோகம் வீராவுக்கு வந்த காரணம் இதுதான்.

‘ஹாப்-கட்’ என்றால் என்ன?

ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டுகளிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்கப் பலர் நல்ல நிலையில் இருக்கும் காரையே கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்ட காரின் முன்பாதியை இயந்திரம், கியர்பெட்டி, மின்கம்பிகள், டேஷ்போர்டு ஆகியவற்றோடு வெட்டி எடுத்து இங்கே இறக்குமதி செய்கிறார்கள். அதுவே ‘ஹாப்-கட்’. அதை விற்கும் கடையை மலாயில் ‘கெடாய் போத்தோங்’ என்பர்.

1.5 லிட்டர் வீராவில் சுமார் 90 குதிரைத் திறன்தான் உண்டு. அதில் லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் 1.8 லிட்டர் டர்போ இயந்திரத்தையோ, ஈவோவின் 4ஜி63 இயந்திரத்தையோ ஏற்றுவது பழகிப்போன மாற்றம். ஜிஎஸ்ஆர் இயந்திரம் 195 குதிரைத் திறன் தரக்கூடியது. பெரோடுவா கஞ்சில் வைத்திருப்பவர்கள் டைஹட்சு மீராவின் 660 சிசி டர்போ இயந்திரத்தைத் தேடுகிறார்கள். ஜப்பானியச் சிறு கார்களுக்கான உச்சவரம்பான 64 குதிரைத் திறனை அது எட்டும்.

ஈவோவின் நான்கு சக்கர இயக்கத்தை முழுமையாகக் கொண்டுவருவது எளிதன்று. பின்சக்கரங்களுக்குச் சக்தி போக நீண்ட தண்டும் பின்னால் ஒரு டிபரென்ஷியலும் வேண்டும். அதற்காகப் பின்புறச் சஸ்பென்ஷனையும் எண்ணெய்த் தொட்டியையும் மாற்ற வேண்டிவரும், அடித்தளத்தை வெட்டி ஒட்டும் வேலையும் வரும். ஒட்டு சரியில்லை என்றால் விபத்தில் அந்த இடமே முதலில் விட்டுக்கொடுக்கும். நான்கு சக்கர இயக்கத்தை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் மாற்றினால், மொத்தச் சக்தியும் முன்சக்கரங்களுக்கே போகிறது. வேகத்தைக் கூட்டும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மழைநாளில் இது விளையாட்டல்ல.

டர்போ செய்யும் வேலை

இயந்திரம் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ, அந்த அளவுக்கே எண்ணெயை எரிக்க முடியும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை உள்ளே திணிப்பதே டர்போ. அரை பார் அழுத்தம் கூடுதலாகக் கொடுத்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது.

காற்று கூடினால் சூடும் கூடும். எண்ணெய்க் கலவை, நேரத்துக்கு முன்பே தானாகத் தீப்பிடித்து பிஸ்டனைச் சுத்தியால் அடிப்பதுபோல் தாக்கும். பட்டறைக்காரர்கள் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். டர்போவுக்கென்றே செய்த இயந்திரத்தில் கலவையை அழுத்தும் விகிதம் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். சாதாரண இயந்திரத்தின்மேல் டர்போவை ஒட்டவைத்து, கணினி அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் உடைவது காலத்தின் கேள்விதான். கட்டுப்பாட்டுக் கணினியை முறையாகச் சரிசெய்யவும், ரோன் 97 எண்ணெய்க்குச் செலவிடவும் தயாராக இல்லாதவர் டர்போவைத் தொடாமலிருப்பது நல்லது.

டர்போ இல்லாத காரில் காற்று வடிகட்டியையும் எக்ஸோசையும் மட்டும் மாற்றினால் கிடைப்பது ஒரு சில குதிரைத் திறன். சத்தம் கூடும் அளவுக்கு வேகம் கூடுவதில்லை.

முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்

வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 1.3, 1.5 லிட்டர் வீராக்களின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். 90 குதிரைத் திறனுக்காகச் செய்த அந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு 200க்கு மேல் சக்தியுள்ள இயந்திரத்தை ஓட்டுவதுதான் இந்த மாற்றங்களில் மிகப் பெரிய ஆபத்து. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் டயர், பிரேக், சஸ்பென்ஷன் என்று தொடங்கி இயந்திரத்தைக் கடைசியில் வைப்பார்கள். பல இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது இன்னொரு தவறு. வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகும், பழைய அப்சோர்பர் அதற்கு ஈடுகொடுக்காது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். தாழ்த்தத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சோடியாக மாற்றப்பட வேண்டும்.

ரிம் மாற்றுவோர் ஒரு சிறு கணக்கை நினைவில் வைக்கலாம். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும், சக்கரத்தின் மொத்த உயரம் மாறக்கூடாது. 175/70 ஆர்13 டயரின் உயரம் 575 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 டயருக்கு 578. 195/50 ஆர்15 டயருக்கு 576. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. இந்தக் கணக்கு தவறினால் வேகமானி பொய் சொல்லும், திருப்பத்தில் டயர் பெண்டரில் உரசும்.

உடல் மாற்றம்: அழகும் பயனும்

பம்பர், ஸ்கர்ட்டிங் செய்ய மூன்று பொருள்கள் பயன்படுகின்றன. பைபர்கிளாஸ் மலிவு, எளிதில் ஒட்டிச் சரிசெய்யலாம், ஆனால் வேகத்தடையில் இடித்தால் வெடித்துவிடும். பியு எனப்படும் நெகிழிப் பொருள் வளைந்துகொடுக்கும், எடை சற்றுக் கூடுதல். கார்பன் பைபர் எடை குறைந்தது, விலை அதிகம். கார்பன் படம் ஒட்டிய பைபர்கிளாஸ் போனட்டை ‘கார்பன்’ என்று விற்பவர்களும் உண்டு. தூக்கிப் பார்த்தால் எடையே உண்மையைச் சொல்லிவிடும்.

பின்புற ஸ்பாய்லர் காரைத் தரையில் அழுத்தும் விசையும் வேகத்தின் இருமடிப்படியே கூடும். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் அது வெறும் அலங்காரம். முன்சக்கர இயக்கக் காரில் மிகப் பெரிய ஸ்பாய்லர், அதிவேகத்தில் முன்சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கவும் கூடும். காற்றுப்பை உள்ள காரில் ஸ்டியரிங்கைக் கழற்றி விளையாட்டு ஸ்டியரிங் பொருத்தினால், ஓட்டுநரின் காற்றுப்பையும் அதோடு போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனங்களை ஆள்வது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழுள்ள விதிகளும். நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இவை:

இயந்திரம்: மாற்றுவதற்கு ஜேபிஜே அனுமதி வேண்டும். வாகனம் சோதனைக்கு உட்பட்டு, புதிய இயந்திர எண் பதிவில் ஏற வேண்டும். இயந்திரத்தை வாங்கிய ரசீதையும், அது முறையாக இறக்குமதியானதைக் காட்டும் சுங்க ஆவணத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். ஆவணமில்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தலைவலிதான்.

சாலை வரி: தீபகற்பத்தில் 1.5 லிட்டர் தனியார் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,997 சிசி கொண்ட 4ஜி63 இயந்திரம் பதிவானால் அது ஏறக்குறைய 378 ரிங்கிட் ஆகும். இந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்தவே சிலர் பதிவு செய்யாமல் விடுகிறார்கள். காரை விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான சோதனையில் இயந்திர எண் பொருந்தாமல் போகும், விற்பனையும் நின்றுவிடும்.

நிறம்: காரின் நிறம் மாறினால் அதுவும் பதிவில் திருத்தப்பட வேண்டும்.

கண்ணாடி: 2019 மே மாதம் தளர்த்தப்பட்ட விதிகளின்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். பின்பகுதிக் கண்ணாடிகளுக்கு வரம்பு இல்லை.

எக்ஸோஸ்: வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் உண்டு. போலீஸ், ஜேபிஜே ஆகியவற்றோடு சுற்றுச்சூழல் துறையும் நடவடிக்கை எடுக்கலாம்.

காப்புறுதியும் வங்கியும்

காப்புறுதி என்பது உண்மையைச் சொல்லி வாங்கும் பாதுகாப்பு. 1.5 லிட்டர் காருக்கு எடுத்த காப்புறுதியில் 2.0 லிட்டர் டர்போவை ஓட்டி விபத்து நேர்ந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ இடமிருக்கிறது. எதிர்வாகனத்தின் சேதமும், சொந்தக் காரின் சேதமும், அதற்கு மேல் வழக்குச் செலவும் குடும்பத்தின் தலையில் விழும். காரைத் தந்தை அல்லது தாயின் பெயரில் வாங்கி மகன் ஓட்டும் வீடுகள் நம்மிடையே பல. காரில் செய்த ஒவ்வொரு மாற்றமும் பெயருக்குரிய பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, கூடுதல் சந்தா கட்டினால் சிக்கல் தவிர்க்கப்படும்.

தவணையில் உள்ள கார் கடைசித் தவணை வரை வங்கிக்கே உரியது. அதன் அனுமதியில்லாமல் இயந்திரத்தை மாற்றுவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். முழுதும் கட்டி முடித்த பழைய வீராவில் கைவைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

வேகத்துக்கு உரிய இடம்

நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு 110 கிலோமீட்டர். கூட்டரசு, மாநிலச் சாலைகளில் பொதுவாக 90. இரவுநேரத்தில் பொதுச்சாலையில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுபவர் மட்டுமன்றி, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவரும் சாகிறார்.

1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத்தளம் 5.543 கிலோமீட்டர் நீளமுடையது. கட்டணம் செலுத்திச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் அங்கே நடத்தப்படுகின்றன. தலைக்கவசம், மீட்பு வாகனம், எதிரில் யாரும் வராத பாதை எல்லாம் அங்கே உண்டு. சாதாரண காப்புறுதி பந்தயத்தளத்தில் செல்லாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆர்வம் தொழிலாகலாம்

இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் கை நம் இளைஞர்கள் பலருக்கு இயல்பாக வருகிறது. சான்றிதழ் இல்லாததால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் உதவியாள் சம்பளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளுக்கு வழங்கப்படுகிறது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் உண்டு. தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் கியாட்மாராவிலும் வாகனத் துறைப் பயிற்சி பெறலாம்.

ஏற்கெனவே பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டுத் துறையின் ‘பெங்கிக்திராஃபான் பென்சப்பாயான் தெர்டாஹுலு’ என்ற திட்டத்தில், செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால் அதே எஸ்கேஎம் சான்றிதழ் கிடைக்கும். செய்யும் ஒவ்வொரு வேலையையும் படமெடுத்து, தேதியோடு குறித்து வைக்கும் பழக்கம் அங்கே கைகொடுக்கும். சொந்தப் பட்டறை திறக்கக் கடன் கேட்டு நிற்கும் நாளிலும் அந்தச் சான்றிதழ் பேசும்.