வைக்கோலும் குளோரீனும்: மட்டக்களப்பின் காற்றிலும் நீரிலும் ஒரு கைத்தொழிலின் சுவடு

மட்டக்களப்பு வாவியை நடுவே வைத்து, ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பிரதேச மக்களின் நெடுநாள் மரபு. எழுவான்கரையிலே மீன்பிடியும் தென்னையும் வணிகமும். படுவான்கரையிலே நெல்வயலும் கால்நடையும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் வடமுனையைக் கடந்து, ஏறாவூர், கிரான் ஆகிய ஊர்களின் வழியாக வடக்கே சென்றால் வாழைச்சேனையை அடையலாம். அங்கே வேறொரு வாவி உண்டு. அதன் அருகிலேதான் இலங்கையின் முதலாவது பெருங்காகித ஆலை எழுந்தது. மீன்பாடும் தேன்நாடு எனப் போற்றப்படும் இந்நிலத்தின் வரலாற்றை எழுதுவோர் கூத்தையும் குடிவழமையையும் கண்ணகி வழிபாட்டையும் விரிவாகப் பேசுவர். ஆலையின் புகைபோக்கிக்கு அவ்வரலாறுகளில் இடம் அரிது.

1948 முதல் 1953 வரை கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராக விளங்கியவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுவன. இவற்றுள் பின்னிரண்டும் தம்முள் தொடர்புடையவை என்பது கவனிக்கத்தக்கது. உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் ஒருங்கே பிறக்கின்றன. 1 தொன் எரிசோடாவுக்கு ஏறத்தாழ 0.9 தொன் குளோரீன் என்பது இயற்கை விதித்த கணக்கு. ஒன்றை வேண்டி மற்றதை மறுக்க இயலாது. ஆனையிறவின் உப்பை அண்டி அமைந்த பரந்தன் தொழிற்சாலை இவ்விரண்டையும் ஆக்கிற்று. காகிதத் தொழிலுக்கோ இரண்டும் வேண்டும்: கூழாக்க எரிசோடா, வெளுக்கக் குளோரீன்.

வாழைச்சேனை ஆலை 1956 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் மூலப்பொருள் வைக்கோல். ஊசியிலைக் காடுகள் இல்லாத நாட்டிலே, அறுவடை முடிந்ததும் சூட்டுக்களத்தில் எஞ்சும் வைக்கோலைத் தாளாக மாற்றலாம் என்பது அக்காலத்தில் மிகச் சிறந்த சிந்தனையாகவே தோன்றிற்று. அது தவறான சிந்தனையுமன்று. படுவான்கரையின் வயல்களோடு 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வயல்களும் சேர்ந்துகொண்டமையால் வைக்கோலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஒரு பிரதேசத்திற்கு மாதச் சம்பளம் என்னும் புதிய வாழ்வும் வந்தது. அந்த நன்மையை மறைத்து ஆலையின் தீமையை மட்டும் உரைப்பது நேர்மையாகாது.

எனினும் வைக்கோல் வெறும் நாரன்று. மழையில் நனைந்து அடுக்கிக் கிடந்த வைக்கோலைப் பிரிக்கும்போது தூசியோடு பூஞ்சண வித்திகளும் காற்றிலே பரவும். தானியம் புடைப்போர் இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஆளாவதை இத்தாலிய மருத்துவர் றாமசீனி 1700 ஆம் ஆண்டிலேயே தம் தொழில்நோய் நூலில் எழுதிவைத்தார். பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்டோருக்கு நேர்ந்த நுரையீரல் நோயை ஆங்கில மருத்துவர் கம்பெல் 1932 இல் விவரித்தார். அது பின்னர் உழவர் நுரையீரல் நோய் எனப் பெயர் பெற்றது. வேலை முடிந்து சில மணி நேரத்தின் பின்னரே காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் தோன்றுவது இந்நோயின் இயல்பு. ஆகையால் அதனைச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்றே கருதிவிடுதல் எளிது. பகலில் வைக்கோல் பிரித்தவன் இரவில் இருமினால், பிழை பனியின்மீதே சுமத்தப்படும். ஆலை எழுவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே மருத்துவ ஏட்டில் இடம்பெற்றுவிட்ட அறிவு இது. அறிவு இருந்தது என்பதும் அது வைக்கோற் குவியலின் அருகே நின்றவனைச் சென்றடைவது என்பதும் வெவ்வேறு விடயங்கள்.

வைக்கோலின் மற்றொரு குணம் இதனினும் தொல்லையானது. மரத்திலே சிலிக்கா மிகச் சொற்பம். நெல் வைக்கோலிலோ அது 10 வீதத்தையும் தாண்டுவதுண்டு. மரக்கூழ் ஆலைகள், எரிசோடாவில் அவித்தபின் எஞ்சும் கருந்திரவத்தை வற்றவைத்து, எரித்து, சோடாவை மீட்டெடுத்துக்கொள்ளும். வைக்கோற் கருந்திரவத்தை அவ்வாறு வற்றவைக்க முயன்றால் சிலிக்கா குழாய்களிற் படிந்து அவற்றை அடைத்துவிடும். எனவே உலகின் பல வைக்கோல் ஆலைகள் சோடாவை மீட்கும் முயற்சியைக் கைவிட்டுக் கருந்திரவத்தை அருகிலுள்ள நீரிலே கலந்தன. வாழைச்சேனையில் அந்நீர் வாவியாக இருந்தது. காரமும் லிக்னினும் நிறைந்த இத்திரவம் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும்; அதன் கருநிறம் ஒளியைத் தடுத்து அடிநீர்த் தாவரங்களை வாடச் செய்யும். ஆற்றிலே கலந்த அழுக்கு ஓடிவிடும். கடல்வாய் குறுகிய வாவியிலே அது தங்கும். இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் கண்டலடியும் அங்கேதான் உள்ளது. ஆலையிற் சம்பளம் பெற்ற குடும்பமும் வலையிற் குறைவு கண்ட குடும்பமும் ஒரே தெருவில் இருந்திருக்கக் கூடும். சில வேளை ஒரே வீட்டிலும்.

வெளுத்தலிலே வேறு விதமான நஞ்சு பிறக்கிறது. குளோரீன் லிக்னினோடு கூடும்போது பல குளோரீன் சேர்வைகள் உண்டாகின்றன. அவற்றுட் கொடியது டயொட்சின். கூழ் ஆலைகளுக்குக் கீழே வாழ்ந்த மீன்களில் டயொட்சின் உண்டு என்பது 1980களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே வெளிப்பட்டது. கொழுப்பிலே தங்கி உணவுச் சங்கிலியில் ஏறிச்செல்லும் அப்பொருளின் மிகக் கொடிய வகையை உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இல் மனிதரில் புற்றுநோய் விளைப்பது என உறுதியாக வகைப்படுத்தியது. இலங்கையில் தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இல் வந்தது. கழிவை வெளியேற்ற உரிமப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. அதாவது ஆலை பிறந்து 32 ஆண்டுகளின் பின். சட்டம் வாழைச்சேனையை எட்டிப்பார்க்கும் வேளையில் போரும் வந்துவிட்டது.

1990 ஜூன் 11 ஆம் திகதி கிழக்கிலே மீண்டும் போர் மூண்டது. அதே மாதம் 18 ஆம் திகதி, கிழக்குக் கிரானில் இருந்த இராணுவ முகாமைத் தாக்கிய தமிழீழ விடுதலைப் புலிகள், அண்மையிலிருந்த காகித ஆலையிலிருந்து கொண்டுவந்த குளோரீனைத் திறந்துவிட்டனர். 60 இற்கு மேற்பட்ட படையினர் அவ்வாயுவாற் பாதிக்கப்பட்டனர். வாயுவின் ஒரு பகுதி காற்றோடு தாக்கியோர் பக்கமே திரும்பிற்று. போரில் அரசல்லாத ஓர் அமைப்பு இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்திய முதற் சம்பவம் இதுவென அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் ஹொஃப்மன் 2009 இல் எழுதினார். 1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது ஆதலால் அது தரையோடு தவழும், பதுங்குகுழியில் இறங்கும். மூச்சுக்குழாயின் ஈரத்திலே கரைந்து அமிலமாகும். நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும்.

இச்சம்பவத்தைப் படைக்கல வரலாறாக மட்டுமே நோக்குவது ஆய்வாளர் வழக்கம். ஆனால் அக்கொள்கலன்கள் போருக்காக அங்கு வந்தவையல்ல. தாள் வெண்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்காக வந்தவை. கிரானில் ஒருநாள் மூச்சை அடைத்த வாயு, வெளுக்கும் பகுதியில் நின்ற தொழிலாளருக்குப் பல ஆண்டுகளாக அயலாகவே இருந்தது. சிறிது சிறிதாகக் கசிந்த குளோரீனை நுகர்ந்தோரின் பெயரை எந்தப் போர் நூலும் பதிவு செய்யாது. அவர்களுடைய இருமலுக்குத் திகதியும் இல்லை.

போருக்குப் பின் வைக்கோலின் கதை வேறு திசையிலே திரும்பிற்று. அதனை அவித்துக் கூழாக்கும் தொழில் வாழைச்சேனையில் நின்றுபோயிற்று. வெட்டி அடிக்கும் இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின், வைக்கோல் சூட்டுக்களத்திற்கு வராமல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது. அடுத்த போகத்திற்கு நிலத்தைத் துப்புரவாக்க அதனைக் கொளுத்திவிடுவோர் பலர். இப்புகையின் பெரும்பகுதி 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துகள்களே. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று, அங்கிருந்து குருதியிலும் கலந்து, இதயத்தையும் மூளையின் நாளங்களையும் தாக்கவல்லவை அவை. வெளிக்காற்றின் மாசு புற்றுநோய்க் காரணி என 2013 இல் வகைப்படுத்தப்பட்டது. இத்துகள்களுக்கு இலங்கை 2008 இல் விதித்த ஆண்டுச் சராசரி எல்லை ஒரு கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம். உலக சுகாதார தாபனம் 2021 இல் பரிந்துரைத்த எல்லையோ 5. வடஇந்தியாவின் புகையோடு கலந்த மாசுக்காற்று 2022 டிசம்பரில் இலங்கையை மூடியபோது, 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கடல் கடந்து வந்த புகைக்கு அத்தனை கவனம் கிடைத்தது.

சிறுபோக அறுவடைக் காலத்திலே மட்டக்களப்பில் வீசுவது கச்சான் காற்று. அது மேற்கிலிருந்து வருவது. படுவான்கரையிற் கொளுத்திய வைக்கோலின் புகையை வாவியின் மேலாக எழுவான்கரைக்குக் கொண்டுவருவது அக்காற்றே.